பிடிகருணை மசியலில் இரண்டு வரி

புளி இருந்ததா என்ற கேள்வி கோடம்பாக்கத்தில் ரயில் ஏறியபோது அஞ்சலாட்சிக்கு வரவில்லை. மாம்பலத்தில் கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு மகளிர் பெட்டிக்குள் நுழைந்து, அந்தத் தள்ளலிலேயே அவளுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாடா என்று முதுகைச் சாய்த்த பிறகுதான் வந்தது. அவள் சாயட்டும் என்றே காத்திருந்ததுபோல. இருந்தது, இருந்திருக்கும், இல்லாமல் எப்படி. 'தேவையான பொருட்கள்' என்ற தலைப்புக்குக் கீழே பிடிகருணைக்கிழங்கு அரைக் கிலோ, துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, புளி எலுமிச்சை அளவு. கண்ணை மூடினால் அந்த எழுத்து அப்படியே தெரிகிறது. பட்டியலில் புளி இருக்கிறது. செய்முறையில்? செய்முறையில் கண் போய் நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பட்டைதான் தெரிந்தது. அவள் வேலை பார்ப்பது பெண்களுக்கான ஒரு வாரப் பத்திரிகையில். இதழோடு இலவசமாகப் போகும் சமையல் புத்தகம் அவள் பொறுப்பு. இந்த முறை வாசகிகள் எழுதி அனுப்பிய சிக்கனச் சமையல், அதில் கடைசிப் பக்கம் மன்னார்குடி சௌந்தரவல்லியின் பிடிகருணை மசியல். சாயங்காலம் அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்பப் போகிற நேரத்தில், அந்தப் பக்கத்து மசாலாப் பொடி விளம்பரம் முதலில் சொன்னதைவிட உயரமாக வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கம் வடிவமைக்கும் இருதயராஜ் அண்ணன், "ரெண்டு வரி போகணும் அஞ்சலி, நீயே பாத்து எடுத்துடு, நான் வண்டிச் சாவியை எங்க வச்சேன்னு தேடுறேன்" என்று எழுந்து போனார். அவள் உட்கார்ந்தாள், மவுஸைப் பிடித்தாள், இரண்டு வரி கறுப்பானது, அழித்தாள், பக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கச்சிதம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சின்னச் சந்தோஷம்கூட. கறுப்புக்குள் என்ன இருந்தது என்பதுதான் நினைவில்லை.

இரண்டில் ஒன்று. வேறாக இருக்க வாய்ப்பில்லை, மற்ற எதை எடுத்தாலும் குறிப்பு பாதியில் அறுந்துபோயிருக்கும், அவள் கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஒன்று, கடைசியில் வரும் 'இறக்கிக் கொத்தமல்லித்தழை தூவி, சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிட அருமையாக இருக்கும்.' இன்னொன்று, நடுவில் வரும் 'வேகும்போதே புளியைக் கரைத்து ஊற்றி, வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்.' இரண்டுமே இரண்டு இரண்டு வரி. கொத்தமல்லியைத்தான் எடுத்திருப்பேன், யாராக இருந்தாலும் அதைத்தானே எடுப்பார்கள், அருமையாக இருக்கும் என்று எழுதாத குறிப்பு உண்டா. சைதாப்பேட்டையில் வண்டி நின்று கிளம்பியது. ஆற்றின் மேல் போகும்போது அந்த நாற்றம் வழக்கம்போல உள்ளே வந்தது, வழக்கம்போல எல்லோரும் முந்தானையையும் துப்பட்டாவையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள், அவள் மட்டும் கையைத் தூக்காமல் இருந்தாள், தூக்க மறந்துபோயிருந்தாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள். மத்தியானம் இருதயராஜ் அண்ணன் அனுப்பிய பக்கத்தின் படம் இருந்தது. அதில் விளம்பரம் சின்னதாக இருந்தது. அதில் எல்லா வரியும் இருந்தது. புளியும் இருந்தது, கொத்தமல்லியும் இருந்தது. பார்க்கப் பார்க்க அந்தப் படம்தான் உண்மை என்று தோன்றியது, இதுதானே அச்சாகப் போகிறது, இதைப் போய் ஏன் சந்தேகப்படுகிறோம் என்று ஒரு நிமிடம் மனசு சமாதானமாகக்கூட ஆனது. அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் வீடு திருவள்ளூர் பக்கம், போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனை எடுப்பார், அதற்குள் அச்சு முடிந்து மடிப்பு நடந்துகொண்டிருக்கும்.

எதிர் இருக்கையில் ஒரு அக்கா மடியில் செய்தித்தாளை விரித்துக் கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்து வண்டியில் பாதிப் பேர் இப்படித்தான், வீட்டுக்குப் போவதற்குள் காயை நறுக்கி முடித்துவிடுவார்கள், இறங்கும்போது பெட்டியெல்லாம் தோலும் காம்புமாகக் கிடக்கும். அஞ்சலாட்சிக்கு இந்த வண்டி பிடிக்கும். யார் என்ன வாங்கியிருக்கிறார்கள், அதை எப்படிச் செய்யப் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு வருவாள். சிலதை ஆபீசில் போய்ச் சொல்லிக் குறிப்பாக்கியும் இருக்கிறாள். காசு அதிகம் பிடிக்காத எந்தச் சமையல் என்றாலும் அவளுக்கு அது வேண்டும். பூசணித்தோல் துவையல், முள்ளங்கி இலைப் பொரியல், அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் ரசம். விடுதிக் கட்டிலுக்குக் கீழே அவளுடைய பெட்டியில் உடுப்பைவிடச் சமையல் புத்தகம்தான் அதிகம். அறைத்தோழிகள் சிரிப்பார்கள், அடுப்பே இல்லாத விடுதியில் இத்தனை புத்தகம் எதுக்குடி என்று. அவளுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் புத்தகங்கள்தான் என்பதை அவர்களிடம் சொன்னதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில் அம்மாவுக்கு வேலை, விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள், அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு வேளை அடுப்பு, வந்தபின் ஒரு வேளை அடுப்பு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பழைய பேப்பர் கடையில் கேட்டால் கடைக்காரர், "அத எடுத்துக்கினு போ பாப்பா, அதுல இன்னா எடை இருக்கப்போவுது" என்று இந்த இலவசப் புத்தகங்களை உருவிக் கொடுப்பார். எந்தக் குறிப்பைத் திறந்தாலும் கடைசியில் முந்திரி வறுத்துத் தூவச் சொல்லும். ஊரே முந்திரி உடைக்கிறது, வீட்டில் ஒரு பருப்பு கிடையாது, ஆலை வாசலில் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் அம்மா வெளியே வருவாள். அஞ்சலாட்சி முந்திரி இல்லாத குறிப்பாகப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தை மடித்து வைப்பாள். அப்படி மடித்த ஒன்றில் 'கடுகு தாளிக்கவும்' என்று போட்டிருந்தது. எண்ணெய் என்று போடவில்லை. பட்டியலிலும் இல்லை. அவள் வெறும் சட்டியைக் காயவைத்துக் கடுகைப் போட்டாள், அது கருகிப் புகைந்து தெறித்து ஒன்று இமைக்கு மேல் வந்து சுட்டது. பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டு, எண்ணெய் ஊத்தணும்னுகூடவா தெரியாது என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். தெரியாது. எப்படித் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியவர் விட்டுவிட்டார், அந்த எல்லோரில் அவள் இல்லை.

கல்லூரியில் சேர்ந்தபோதும் அப்படித்தான். 'உரிய சான்றுகளுடன் அணுகவும்' என்று பலகையில் இருக்கும், எவை உரியவை, யாரை அணுகுவது என்று இருக்காது, அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர், அவரோடு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்று ஒவ்வொரு ஜன்னலிலும் அதட்டு வாங்கினாள். தேவையான அளவு உப்பு. பதம் வந்ததும் இறக்கவும். பக்குவமாகக் கிளறவும். தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு எழுதிக்கொள்வது. அதனால்தான் பெட்டியில் இருக்கும் அட்டை கிழிந்த ஒரு தடித்த புத்தகத்தின் மேல் அவளுக்கு அத்தனை பிரியம். யார் எழுதியது என்று தெரியாது, ரசத்தில் ஆரம்பித்து ஊறுகாயில் பாதியில் நின்றுபோகும். அதில் மிளகாய் வறுக்கிற இடத்தில், 'இப்போது நெடி ஏறி இருமல் வரும், பயப்படாதீர்கள், ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடர்ந்து வறுங்கள்' என்று இருந்தது. வறுத்தபோது இருமல் வந்தது, அவள் பயப்படவில்லை. ஒரு வரி அவ்வளவு செய்யும். அந்த மாதிரி ஒரு வரியைத்தான் இன்றைக்கு. இல்லை, கொத்தமல்லிதான், கொத்தமல்லிதான். கிண்டி. ஏறியவர்கள் இறங்கியவர்களைவிட அதிகம். யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுப் பை அவள் முழங்காலில் இடித்தது, உள்ளே காலி டப்பா கடகடத்தது. சம்சா விற்கிற பெண் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, வாழைப்பூ செஞ்சேன்னு சொன்னேன்ல" என்று கொத்தவரங்காய் அக்காவிடம் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசு வாடாமல் இருந்தது. இருவரும் ஒரே துணிக்கடையில் வேலை போலிருக்கிறது, ஒரே நிறப் புடவை.

"சொன்னே. உன் வீட்டுக்காரரு உயிரோடதான இருக்காரு?" என்றாள் அக்கா, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கிண்டல் பண்ணாதக்கா. வாயில வச்சாரு, மென்னாரு மென்னாரு, மென்னுக்கிட்டே இருக்காரு. ஒவ்வொண்ணா வாயிலேருந்து உருவி தட்டுல வரிசையா வைக்கிறாரு."

"நரம்பை எடுக்கலியாடி? ஒவ்வொரு பூவுலயும் நடுவுல வெறைப்பா நிக்குமே, அத எடுக்கணும்டி தாரணி."

"புக்குல வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கவும்னு போட்டிருந்துச்சு. ஆயறதுன்னா கீரை மாதிரி பிரிக்கிறதுன்னு நெனச்சேன். அதுல எழுதியிருந்தா செஞ்சிருப்பேன்ல? எழுதலைன்னா எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"ஒங்கம்மாவுக்குப் போன் பண்ணிக் கேக்குறது."

"அம்மா இருந்தா நான் ஏன் புக்கு வாங்குறேன்" என்றாள் தாரணி, சிரித்துக்கொண்டேதான். அக்காவின் கை ஒரு கணம் நின்று மறுபடி நார் எடுத்தது.

எந்தப் புத்தகம், எந்தப் பத்திரிகை என்று கேட்கலாமா. கேட்டு, நம்முடையதாக இருந்தால்? 'வாழைப்பூவை ஆய்ந்து' என்று அவள் எழுதியிருக்கிறாளா, எழுதியிருக்கலாம், எத்தனையோ எழுதியிருக்கிறாள். தாரணி அடுத்த வாரம் கடையில் பத்திரிகையை வாங்கிப் பிரித்து, கடைசிப் பக்கத்தில் மலிவான கிழங்கு என்று பார்த்து வாங்கிக்கொண்டு போவாள். எழுதியிருக்கிற மாதிரியே செய்வாள். எழுதாததைச் செய்யமாட்டாள். பட்டியலில் புளி இருக்கிறதே, அதைப் பார்த்து யோசிக்கமாட்டாளா? யோசிப்பாள், எதற்கென்று தெரியாமல் கடைசியில் கொஞ்சம் விடுவாள், அல்லது தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று விட்டேவிடுவாள். பருப்போடு சேர்த்து மசித்துத் தாளித்துக் கொண்டுவந்து வைப்பாள். வீட்டுக்காரர் ஒரு வாய் வைப்பார். முதலில் ஒன்றும் தெரியாது, அதுதான் அந்தக் கிழங்கின் குணம், முழுங்கின பிறகு தொண்டைக்குள் யாரோ கம்பளியை உருட்டுவதுபோல ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கென்றால் தண்ணீர் குடித்துக் குடித்துச் சரியாகும். ஒரு வீட்டில் குழந்தை இருக்கும். மசியல்தானே, குழைவாக இருக்கிறது என்று முதல் உருண்டை குழந்தைக்குத்தான் போகும். அதற்குச் சொல்லத் தெரியாது. அழும், ஏன் அழுகிறதென்று தெரியாமல் இன்னும் ஒரு வாய் ஊட்டுவார்கள். நிறுத்து. இப்படியெல்லாம் நடக்குமா என்ன. பிடிகருணைக்குப் புளி விட வேண்டும் என்று யாருக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது, எல்லோருக்கும். மன்னார்குடியில் சௌந்தரவல்லி வேறு இருக்கிறார், முதல்முறையாகப் பேர் அச்சில் வரப்போகிறது என்று போனில் அழுதுவிட்டவர், தெருவில் எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பேன் என்றார். வாங்கிக் கொடுப்பார், படித்துவிட்டு அவர்கள் கேட்பார்கள், ஏன் சௌந்தரா, நீ புளி விடாமதான் செய்வியா.

மீனம்பாக்கம் தாண்டி விமானம் ஒன்று தலைக்கு மேல் இறங்கியது, பெட்டி முழுக்கச் சத்தம் நிறைந்து வடிந்தது. அச்சகத்துக்குப் போன் செய்யலாம். எண் இருக்கிறது. இருப்பதுதான் சங்கடம். போன மாதம் இதே மாதிரி இதே வண்டியில் சந்தேகம் வந்து, சோம்பு என்று போட வேண்டிய இடத்தில் சீரகம் என்று போய்விட்டது, மெஷினை நிறுத்துங்கள் என்று கூப்பிட்டு, நிறுத்தி, எடுத்துப் பார்த்தால் சோம்பு என்றுதான் இருந்தது. மறுநாள் ஆபீசில் ஆளுக்கு ஆள், அஞ்சலி, டீயில சர்க்கரை போட்டியா, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆசிரியர் கோமளா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "பயப்படுறவங்களால பத்திரிகை நடத்த முடியாதும்மா. உன்னை வேலையில நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு அடுத்த மாசக் கடைசியில நான்தான் எழுதணும்" என்றார். கோபமாகக்கூட இல்லை. அம்மா ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், எம்பொண்ணு புத்தகம் எழுதுற வேலை பாக்குது என்று. திரும்பிப் போனால் ஊரில் என்ன வேலை இருக்கிறது அவளுக்கு. இந்த முறையும் சோம்பாக இருந்தால்? கூப்பிட்டு, நிறுத்தி, பார்த்தால் புளி இருந்தால்? இருக்கும். கொத்தமல்லிதான் போயிருக்கும். அவள் மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், மனசுக்குள். இரண்டு பத்தியாகப் பிரித்த பக்கம். விளம்பரம் எங்கே இருந்தது? சிவப்புப் பொட்டலம், நீராவி, ஒரு அம்மா சிரிக்கிறாள். இடது பத்திக்குக் கீழே. அந்தச் சிரிக்கிற அம்மாவின் தலைக்கு நேர் மேலே எழுத்து முட்டிக்கொண்டு நின்றது. என்ன எழுத்து. தலைக்கு நேர் மேலே, கடைசிச் சொல். கொத்தமல்லி வலது பத்தியில் அல்லவா இருந்தது. வலது பத்தி பக்கத்தின் அடிவரை சரியாகப் பொருந்தியிருந்தது. அதைத் தொடவே வேண்டியதில்லை.

அரிக்கும். அதுதான் சொல். சிரிக்கிற அம்மாவின் தலைக்கு மேல் 'தொண்டை அரிக்கும்' என்று இருந்தது. அதைப் படித்தாள், இப்போது தெரிகிறது, படித்துவிட்டுத்தான் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. மேடம் அடிக்கடி சொல்வார், சமையல் புத்தகத்தில் அசிங்கமான சொல் வரக்கூடாது, படித்தால் நாக்கில் எச்சில் ஊற வேண்டும் என்று. மேடத்துக்குப் பிடிக்காது என்று எடுத்தாளா. அப்படியும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்தபோது உள்ளே சுருங்கியது வேறு ஒன்று. அரிப்பு என்பது அவள் வீட்டுச் சொல். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுப் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்து, ராத்திரியெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு, அரிக்குதுடி அரிக்குதுடி என்பாள். அந்தக் கையை அவள் கல்லூரித் தோழிகளுக்குக் காட்டியதில்லை, பட்டமளிப்புக்கு அம்மா வந்தபோது முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பளபளவென்று அச்சாகப் போகிற பக்கத்தில், அவள் பெயரை அஞ்சலி என்று சுருக்கிப் போடுகிற புத்தகத்தில், அந்தச் சொல் வந்து நின்றது, அவள் விரல் அதைத் துடைத்துவிட்டது. மறதி இல்லை. அவசரமும் இல்லை. அவள் எண்ணெயை விட்டுவிட்டு எழுதியவரைவிட மோசம், அவர் தெரியாமல் விட்டார். பல்லாவரத்தில் வண்டி நின்றது. அவள் இறங்க வேண்டியது தாம்பரம். எழுந்து, தாரணியின் தோளை இடித்து, "கொஞ்சம் வழி விடுங்க, இறங்கணும், இறங்கணும்" என்று கத்திக்கொண்டே, வண்டி நகரத் தொடங்கும்போது பிளாட்பாரத்தில் குதித்தாள். "பாத்தும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அச்சகத்துப் போர்மேன் வேலாயுதம் உடனே எடுத்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம், பெரிய மழைபோல.

"சார், பத்திரிகை ஆபீஸ்லேருந்து அஞ்சலி பேசுறேன். சமையல் புத்தகம்…"

"போன மாசம் சோம்புக்குக் கூப்பிட்ட பொண்ணுதானே? இந்தத் தடவை என்னம்மா, வெந்தயமா?"

"சார், கடைசிப் பக்கத்தை எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டுறீங்களா. பிடிகருணை மசியல்."

"மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு கதை படிக்கச் சொல்றியா" என்றார், ஆனால் காகிதம் சரசரப்பது கேட்டது. "மை காயலை, கையெல்லாம் ஒட்டுது. சரி, கேளு. கிழங்கை மண் போகக் கழுவி வேகவைக்கவும்." அவர் ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடத்துப் பையன் படிப்பதுபோலப் படித்தார். "ஆறியதும் தோலை உரித்து மசித்துக்கொள்ளவும்."

"வேகவைக்கவும்னு முடிஞ்சதுக்கும் ஆறியதும்கிறதுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையா சார்?"

"நடுவுல என்ன இருக்கு, ஒரு முற்றுப்புள்ளி இருக்கு."

"புளி…"

"இல்ல." மெஷின் ஓடியது. "ஆமா, இதுக்குப் புளி விடுவாங்கல்ல."

"நிறுத்திடுங்க சார்."

"நீ சொன்னா நிறுத்த முடியாதும்மா. போன தடவை நிறுத்தினதுக்கே எங்க முதலாளி என்னைப் புடிச்சுக்கிட்டாரு. உங்க மேடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். சீக்கிரம் சொல்லச் சொல்லு, ஏற்கெனவே பாதி ஓடிடுச்சு."

மேடம் ஏதோ கல்யாண வரவேற்பில் இருந்தார். நாகஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தி, யாரு, யாரு என்று கேட்டார். அஞ்சலாட்சி சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குக் கேட்காதபடி எதிர்த் தண்டவாளத்தில் ஒரு விரைவு வண்டி போனது, அது போய் முடிகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

"கருணைக்கிழங்குக்குப் புளி விடணும்னு யாருக்கும்மா தெரியாது?" என்றார் மேடம். "குழந்தைக்குக்கூடத் தெரியும். இதுக்குப் போயா மெஷினை நிறுத்தச் சொல்றே?"

"தெரிஞ்சவங்களுக்கு நம்ம புக்கு எதுக்கு மேடம்?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. மேடம் அங்கிருந்து நகர்ந்து எங்கோ வெளியே வருவதுபோல நாகஸ்வரம் தேய்ந்தது.

"பக்கத்தை முடிச்சது இருதயராஜ்தானே. அவன் எடுத்துட்டானா?"

ஆமாம் என்று ஒரு சொல். அவர் பத்து வருடமாக இருப்பவர், ஒரு திட்டோடு போய்விடும், திங்கட்கிழமை டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். அவ்வளவு வழவழப்பாக அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவள் அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"அண்ணன் இல்ல மேடம். நான்தான் எடுத்தேன்."

"தெரியாம எடுத்துட்டே."

"இல்ல மேடம். படிச்சுட்டுத்தான் எடுத்தேன். அரிக்கும்னு இருந்துச்சு, நல்லாருக்காதுன்னு எடுத்துட்டேன்."

"நான் அப்படி எடுக்கச் சொன்னேனா?"

"சொல்லல மேடம். நானா எடுத்ததுதான்."

"திங்கட்கிழமை வந்ததும் என் ரூமுக்கு வா" என்றார் மேடம். போன் நின்றுபோனது. நிறுத்தச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பிளாட்பாரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டுக் கெஞ்சலாமா, கெஞ்சினால் கோபம்தான் ஏறும், நேராக அச்சகத்துக்கே போய்விடலாமா, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கட்டாகி வேனில் ஏறியிருக்கும். அவள் விரல் தானாகவே வேலாயுதத்தின் எண்ணை அழுத்தியது.

"மேடம் பேசினாங்களா சார்?"

"இல்லையேம்மா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு." அதே மழை. அதற்கு நடுவே எங்கோ தூரத்தில் ஒரு தரைவழித் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. "இரு, ஆபீஸ் போன் அடிக்குது" என்றார். அவர் செல்போனை எதன்மேலோ வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பு நடந்து போனது. பிறகு மெஷின் மட்டும். தடதட தடதட என்று தாளுக்கு மேல் தாள் வந்து விழுகிறது, ஒவ்வொன்றிலும் அந்த முற்றுப்புள்ளி. ஒரு மின்வண்டி வந்து நின்றது, போனது. யாரோ அவளிடம் செங்கல்பட்டு வண்டி போயிடுச்சா என்று கேட்டார்கள், தலையை ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. விளம்பர ஆளாகக்கூட இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம், அந்த ஆபீஸ் போனில் யார் வேண்டுமானாலும் பேசலாம். தடதட. அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள். தடதடப்பில் ஓர் இடைவெளி வந்ததுபோல் இருந்தது. இல்லை, அவள் நினைப்பு. மறுபடி வந்தது. சத்தம் பருமன் குறைந்து, தனித்தனித் தட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் நேரம் நீண்டு, கடைசியாக ஒரு பெருமூச்சு மாதிரி ஒன்று வந்து, நின்றது. அங்கே ஒருவர் இருமுவது தெளிவாகக் கேட்டது.

செருப்பு திரும்பி வந்தது. "உங்க மேடம்தான். உனக்கு விழ வேண்டியதுல பாதி எனக்கு விழுந்துச்சு. ஓடினது அத்தனையும் குப்பைக்குத்தான் இனிமே. கம்ப்யூட்டர் பையன் வீட்டுக்குப் போகல, நல்ல வேளை. இடம் ஏது? எதை எடுக்கட்டும்?"

"வலது பத்தியில கடைசி ரெண்டு வரி, கொத்தமல்லித்தழைன்னு இருக்கும். அதை எடுத்துட்டு மேட்டரை நகர்த்தினா சரியாப் போகும் சார்."

"பேனா வச்சிருக்கேன். மெதுவா சொல்லு."

"வேகும்போதே புளியைக் கரைத்து ஊற்றி" என்று ஆரம்பித்தாள். வண்டி ஒன்று நிலையத்துக்குள் வந்தது. அதற்கு மேல் கேட்கட்டும் என்று கத்தினாள். "புளி, சார், புளி! வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும்." பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் எழுதிக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார், கொட்டி, விடவும். "அவ்வளவுதானே?"

"இல்ல சார், இன்னும் இருக்கு. இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும்."

"அதையும் போடணுமா? சமையல் புக்குல நல்லாவா இருக்கும்?"

"போடுங்க சார்" என்றாள். "அரிக்கும்."